வானியல் நூல்களும் உரைகளும்: கிழக்கிலங்கை ஆர்வலர்களின் கேள்விகளுக்குப் பதில்

வானியல் நூல்கள், பொது உரைகள் ஆகியவை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த ஆர்வலர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: ஐயா, ஆங்கில நூல்களை மெதுவாகத்தான் வாசிக்க முடிகிறது. ஸ்டீபன் ஹோக்கிங்கின் நூலிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம், பிள்ளை. 1988இல் வெளிவந்த அந்த நூல், வாங்கியவர்கள் பலராகவும் முடித்தவர்கள் சிலராகவும் உள்ள நூல்களுள் ஒன்று. "காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்" என்று தமிழிலும் அது கிடைக்கிறது, ஆனால் மொழி தமிழாகிவிட்டதால் கருந்துளையின் பௌதிகம் எளிதாகிவிடாது. கார்ல் சேகனின் "கொஸ்மொஸ்" நூலிலிருந்து தொடங்குங்கள். 1980இல் வந்த அந்த நூலின் முதல் அதிகாரத்திலேயே பண்டைய கிரேக்க அறிஞர் எரத்தோஸ்தனிஸ் புவியின் சுற்றளவை அளந்த கதை வருகிறது. எகிப்தின் சையீன் நகரில் நண்பகலில் நிழல் விழாத அதே நாளில், அலெக்சாந்திரியாவில் நட்ட கோலுக்கு ஏறத்தாழ 7 பாகை அளவில் நிழல் விழுந்தது. அந்தக் கோணமும் இரு நகரங்களுக்கிடையிலான தூரமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

இதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். ஏப்ரல் 9, 10ஆம் திகதிகளை ஒட்டி, பகல் 12 மணி 5 நிமிடமளவில், மட்டக்களப்பில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் இராது. அதே நாள் நண்பகலில், அதாவது இங்கிருந்து ஆறேழு நிமிடங்கள் பிந்தி, யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் கோலுக்கு ஏறத்தாழ 3.4 சென்ரிமீற்றர் நிழல் விழும். அது 2 பாகைக்குச் சற்றுக் குறைந்த கோணம். யாழ்ப்பாணத்தில் ஒரு தோழியைப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். இரு ஊர்களுக்கும் இடையிலான வடக்குத் தெற்குத் தூரம், வீதித் தூரமன்று, ஏறத்தாழ 216 கிலோமீற்றர். அதை 360ஆல் பெருக்கி, கிடைத்த கோணத்தால் வகுத்தால், அளவு ஒழுங்காக இருந்திருந்தால், 40,000 கிலோமீற்றருக்கு அண்மையான விடை வரும். செப்டெம்பர் முதல் வாரத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆங்கில வாசிப்பின் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இப்படி நின்று வாசிக்க வேண்டிய நூலை மெதுவாக வாசிப்பதே முறை.

காரைதீவு, வங்கி ஊழியர்: நட்சத்திர வழிகாட்டி நூலொன்றை வரவழைத்தேன். அதிலுள்ள படத்துக்கும் எங்கள் கடற்கரையில் தெரியும் வானத்துக்கும் பொருத்தமே இல்லை. நூல் பிழையா?

நூல் பிழையில்லை, அது எழுதப்பட்ட அகலாங்கு வேறு. ஆங்கில வழிகாட்டிகளுள் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் வாசகருக்காக, 40 பாகை வடக்கிலோ அதற்கு மேலோ நின்று பார்ப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. நாம் நிற்பதோ 7 அல்லது 8 பாகையில். அந்த நூல்கள் திசையறியத் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லும். இங்கே அது அடிவானத்திலிருந்து ஏழெட்டுப் பாகை உயரத்தில், பெரும்பாலும் புகாரிலும் தென்னந்தோப்பிலும் மறைந்தே கிடக்கும். ஓரியன், அதாவது நம் மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய கூட்டம், அந்தப் படங்களில் தெற்கு வானில் நிமிர்ந்து நிற்கும். இங்கே மார்கழி மாலையில் அது கடலிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தபடி எழும்; நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். பின்னர் அது ஏறத்தாழத் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது.

ஆனால் இழப்பு நமக்கில்லை. பெப்ரவரி மாத இரவு ஒன்பது மணியளவில் தெற்கே 30 பாகை உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் தெரியும். மே மாத நடுப்பகுதியில் அதே நேரத்தில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன்பின் சில வாரங்களில் ஒமேகா சென்ரோரி என்னும் கோளக் கொத்து நல்ல உயரத்துக்கு வருகிறது. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்களைக் கொண்ட அதை சாதாரண பைனாகுலரில் மங்கலான பஞ்சுத் திட்டாகக் காணலாம். இலண்டனில் இருப்பவர் இவற்றுள் ஒன்றையும் தம் ஊரிலிருந்து காண முடியாது. ஆகவே நூலை வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஸ்ரெலாரியம் செயலியில் உங்கள் ஊரைக் குறித்து, படத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக வாங்குவதாயின் "டேர்ன் லெஃப்ட் அட் ஓரியன்" என்ற நூலைப் பரிந்துரைப்பேன். ஒரு பொருள் சிறிய தொலைகாட்டியில் உண்மையில் எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்து காட்டும் நேர்மை அதற்கு உண்டு. வண்ணப் புகைப்படங்களை நம்பித் தொலைகாட்டி வாங்கி ஏமாந்தவர்களுக்கு அது நல்ல மருந்து.

காத்தான்குடி, ஆசிரியர்: தலைப்பிறை பற்றிப் பாடசாலையில் உரையாற்றக் கேட்டிருக்கிறார்கள். வானியலில் எதைச் சொல்ல வேண்டும்?

மூன்று விடயங்களைச் சொன்னால் போதும், சேர். சந்திரனும் சூரியனும் ஒரே திசைக்கு வரும் அமாவாசைக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் பிறை தெரிவது ஊருக்கு ஊர் மாறும். அந்தக் கணத்துக்குப் பின் சந்திரன் சூரியனைவிட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. பிரெஞ்சு வானியலாளர் தன்ஜோன் கண்டபடி, இடைவெளி ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் பிறை கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, நம் அகலாங்கில் சந்திரனின் பாதை மேற்கு அடிவானத்தில் செங்குத்தாகவே இறங்குவதால், பிறை தோணிபோலக் கிடையாகத் தெரிவதோடு, சூரியன் மறைந்த பின்னரும் சற்று உயரத்தில் நிற்கிறது. இது பார்ப்பவருக்குச் சாதகம். உங்கள் ஊரின் மேற்கே வாவி விரிந்து கிடப்பதால் மாணவர்களை அங்கேயே அழைத்துச் சென்று காட்டலாம். மாதத்தை எப்போது தொடங்குவது என்ற தீர்மானம் உலமாக்களுக்குரியது. உரையில் அதற்குள் நுழையாமல் இருப்பது உரைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

திருக்கோவில், ஓய்வுபெற்ற அதிபர்: பஞ்சாங்கத்தை வானியல் நூலாகக் கொள்ளலாமா?

அதன் கணிதப் பகுதியைக் கொள்ளலாம், பலன் பகுதியைக் கொள்ள இயலாது. ஆண்டுதோறும் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கியம், திருக்கணிதம் என இரண்டாகப் பத்திரிகைகள் வெளியிடுவதை நீங்கள் அறிவீர்கள். வாக்கியம் மனப்பாட வாய்பாடுகளாக வழங்கிவந்த பழைய கணக்கைப் பின்பற்றுவது. திருக்கணிதம் இக்கால அவதானிப்புகளுக்கு இணங்கத் திருத்தப்பட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21இல் வருகிறது, நாம் மேடப் பிறப்பைக் கொண்டாடுவதோ ஏப்ரல் 14ஐ ஒட்டி. புவியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் சேர்ந்த வித்தியாசம் அது. இப்போது 24 பாகையளவில் இருக்கிறது.

இந்தத் துறையில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் வாழ்க்கையைத் தேடி வாசியுங்கள். 1867இல் மாறொளி நட்சத்திரம், அதாவது ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம், ஒன்றைக் கண்டறிந்த அவர், திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்காக அதை விளக்கிச் சிறுநூலும் எழுதினார். பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் புதிய வானியலை எப்படிக் கொண்டுசெல்வது என்பதற்கு அவரைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அக்கரைப்பற்று, நூலகத் தொண்டர்: பழைய வானியல் நூல்கள் நிறைய இருக்கின்றன. கழித்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம், முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். 1995க்கு முந்திய நூலில் சூரியனை ஒத்த வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் ஒன்றும் இராது. 1998க்கு முந்தியதில் விரிவு வேகமடைந்துவரும் பேரண்டம் இராது. 2006க்கு முந்தியதில் கோள்கள் ஒன்பது. ஈர்ப்பலைகள் முதன்முதலில் 2015 செப்டெம்பரில் பதிவாயின. கருந்துளையின் முதற்படம் 2019 ஏப்ரலில் வெளிவந்தது. சனியின் நிலவுகளை எண்ணிச் சொல்லும் பக்கத்தை எந்த நூலிலும் நம்ப வேண்டாம். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து, மொத்தம் 274 ஆனது. சிறுவர் பகுதியில் உள்ள பழைய தகவல் நூல்களை எடுத்துவிடலாம். நட்சத்திர வரைபடங்களையும், கெப்லர், கலிலியோ போன்றோரின் வரலாறுகளையும் வைத்திருங்கள். அவை எளிதில் பழசாவதில்லை.

வாழைச்சேனை, பல்கலைக்கழக மாணவர்: பொலன்னறுவையில் விழுந்த கல்லில் வேற்றுலக உயிர் கண்டுபிடிக்கப்பட்டதாக ஓர் உரையில் சொன்னார்கள். உண்மையா?

2012 டிசம்பரில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லைப் பற்றியது அது. நம் நாட்டில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்கவும் அவருடைய குழுவினரும் அதில் தயற்றம் என்னும் நுண்பாசியின் எச்சங்களைக் கண்டதாக 2013இல் எழுதினார்கள். பிற அறிவியலாளர் அதை ஏற்கவில்லை: அந்தப் பாசிகள் புவியின் நன்னீரில் வாழும் இனங்களை ஒத்தவை, கல் விண்கல்தானா என்பதே நிறுவப்படவில்லை. விக்கிரமசிங்க, பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து விண்தூசி பற்றிச் செய்த ஆய்வுகள் மதிப்புக்குரியவை. அந்த மதிப்பை இந்தக் கல்லுக்கும் நீட்ட வேண்டியதில்லை. அடுத்த உரையில் இப்படி ஏதேனும் கேட்டால், "அந்தக் குழுவைச் சாராத வேறு யார் அளந்து உறுதிப்படுத்தினார்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்தவர் பேசினால் அந்தக் கேள்விக்கு மகிழ்வார்.

மண்டூர், குடும்பத்தலைவி: தமிழில் நல்ல உரைகளை எங்கே கேட்கலாம்?

சந்திரயான் 1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரையின் தமிழ் உரைகள் யூரியூப்பில் உள்ளன. அவருடைய "கையருகே நிலா" நூலையும் சேர்த்து வாசித்தால் உரைகள் இன்னும் விளங்கும். பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் "துளிர்" இதழ் ஏற்றது. கொழும்புக்குப் போகும்போது, 1965இலிருந்து இயங்கும் கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்க் காட்சி எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

கல்முனை, விஞ்ஞான ஆசிரியை: பொது உரையும் வான்பார்வையும் சேர்த்து ஒரு மாலை நிகழ்வு வைக்க விரும்புகிறோம். போயா விடுமுறை வசதியாக இருக்குமா?

மண்டபத்துக்கு வசதி, வானத்துக்கு வசதியில்லை, ரீச்சர். முழுநிலவில் நட்சத்திரங்கள் மங்கிவிடும்; நிலவிலும் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களின் நிழல் தெரியாது, தொலைகாட்டியில் வெறும் வெள்ளைத் தட்டாகவே இருக்கும். போயாவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னர், வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலையைத் தெரிவுசெய்யுங்கள். அப்போது ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஒவ்வொரு பள்ளமும் துலக்கமாகத் தெரியும், பிள்ளைகள் வரிசையை விட்டு நகரமாட்டார்கள். ஒக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் என்பதால் பலர் அதைக் குறிப்பார்கள். மழை தொடங்கும் காலமாதலால் எனக்கு அதில் விருப்பமில்லை. பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலான மாதங்கள் பாதுகாப்பானவை. கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் திறந்த வெளியில் தொலைகாட்டி ஆடும். சுவரோரமாக நிறுத்த வேண்டும்.

உரையை அரை மணி நேரத்துக்குள் முடித்து, கேள்விகளுக்கு அதே அளவு நேரம் விடுங்கள். மாகாணப் பிரமுகர்களின் வரவேற்புரைகளை வான்பார்வைக்குப் பின்னர் வைத்தால், நிலவு மறையும்வரை யாரும் குறைசொல்லப் போவதில்லை.