கிணற்றுக்கு மழைநீர் ஏற்ற யார் பணம் தருவார்கள்?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் எனக்கு 3 ஏக்கர் நிலம். 20 அடி விட்டம், 60 அடி ஆழமுள்ள கிணறு மாசியிலேயே வற்றிவிடுகிறது. மழைநீரைக் கிணற்றுக்குள் விட மானியம் உண்டா? கடன் வாங்கிச் செய்யலாமா?

பதில்: இதற்காகக் கடன் வாங்காதீர்கள். வடிகட்டித் தொட்டியைக் கைப்பணத்தில் கட்டுங்கள். தடுப்பணை, ஏரி தூர்வாரல் போன்ற பெரிய செலவுக்கு ஊரோடு சேர்ந்து பொதுப்பணம் கேளுங்கள்.

ஏன் என்பதற்குக் கணக்கு இது. ஓர் ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடுகிறது என்று வைத்தால் 40,000 லிட்டர். அது முழுவதும் உள்ளே போனால் உங்கள் கிணற்றில் நாலரை அடி ஏறும். ஆனால் ஓர் ஏக்கர் நிலக்கடலைக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு தண்ணீர் கட்டவே 2 லட்சம் லிட்டர் வேண்டும். உங்கள் ஊர் பாறை நிலம். ஏறிய நீர் வெடிப்புகள் வழியே பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும். அதில் தவறில்லை. பலருக்குப் பயன்படும் வேலைக்கு ஒருவர் மட்டும் வட்டி கட்டுவதுதான் நியாயமில்லை.

முதலில் தொட்டி. கிணற்றிலிருந்து 10 அடி தள்ளி, நீளம், அகலம், ஆழம் மூன்றும் 6 அடியாகக் குழி எடுங்கள். இன்னும் நெருங்கினால் மண் ஊறிக் கிணற்றுச் சுவர் சரியும். அடியில் 2 அடிக்குக் கருங்கல், அதன்மேல் ஒன்றரை அடி ஜல்லி (40 மி.மீ. கீழே, 20 மி.மீ. மேலே), பிறகு நைலான் வலை, அதன்மேல் ஒன்றரை அடி பருமணல். மேலே ஓர் அடி காலியாக இருக்கட்டும். வலையை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, ஓரிரு மழையிலேயே அடைத்துக்கொள்ளும். கல், ஜல்லி, மணல் மூன்றும் சேர்ந்து 180 கன அடி, அதாவது 2 யூனிட்டுக்குள்தான் (ஒரு யூனிட் 100 கன அடி).

குழியின் அடியிலிருந்து 6 அங்குல பிவிசி குழாயைக் கிணற்றை நோக்கிச் சரிவாகப் பதியுங்கள். தொட்டிக்குள் இருக்கும் வாயில் கம்பிவலை கட்டுங்கள். கிணற்றுக்குள் குழாய் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரோடு வெட்டிவிட்டால் விழும் நீர் சுவரை அரித்துவிடும். தொட்டிக்கு முன்னால் 4 அடி சதுரத்தில் 3 அடி ஆழ வண்டல் குழி கட்டாயம் வேண்டும். இதைச் சேர்க்காமல் விடுவதால்தான் பல தொட்டிகள் ஒரே பருவத்தில் செத்துப்போகின்றன.

கனமழையில் தொட்டி நிரம்பி வழியும். அந்த நீர் பண்ணைக்குட்டைக்கோ ஓடைக்கோ போக வழி விடுங்கள். பருவத்தின் முதல் மழையை உள்ளே விடாதீர்கள். உரம் போட்ட, மருந்தடித்த வயலின் நீர், மாட்டுத் தொழுவக் கழிவு, சாலையோர நீர் எதுவும் கிணற்றுக்குள் போகக் கூடாது. ஒருமுறை கெட்ட கிணற்றை மீட்பது மிகக் கடினம்.

வேலையை ஆடிக்கு முன் முடியுங்கள். ஆவணி, புரட்டாசி மழையின்போது கிணற்றில் இடம் இருக்கும். ஐப்பசியில் அது தானாகவே நிரம்பிவிட்டால் தொட்டிக்கு வேலையே இல்லை.

இனி பணம். 2008இல் மத்திய அரசு கிணறு செறிவூட்டலுக்கென்றே, அதாவது மழைநீரைக் கிணற்றுக்குள் விட்டு நிலத்தடி நீரைப் பெருக்குவதற்கென்றே, ஒரு திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில், சராசரியாகக் கிணற்றுக்கு 4,000 ரூபாய். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்குப் பாதி. அது முடிந்துபோன திட்டம். அதன் பெயரைச் சொல்லி இப்போது விண்ணப்பக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு 5 ஏக்கருக்குள் நிலம் இருப்பதால் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று பெற்றுவிடுங்கள். பண்ணைக்குட்டைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். ஊரக வேலைத் திட்டத்திலும் சிறு, குறு விவசாயிகளின் நிலத்தில் குட்டை, செறிவூட்டும் பணிகளை எடுத்துச் செய்திருக்கிறார்கள். விதிகள் மாறிவருவதால் இந்த ஆண்டுப் பணிப் பட்டியலை ஒன்றிய அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ஒப்புதல் வருமுன் நீங்களே வெட்டிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

ஓடையில் தடுப்பணை வேண்டுமென்றால் பத்துக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்து, கிணறுகளின் சர்வே எண்களோடு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, தண்ணீர் நாளன்றும் சபை கூடுகிறது. நீங்களாக ஓடையில் கரை போட்டு நீரைத் திருப்பாதீர்கள். அது புறம்போக்கு, கீழ்மடைக்காரர்களோடு வழக்கும் வரும். மக்கள் ஒரு பங்கு போட அரசு மீதியைத் தரும் 'நமக்கு நாமே' திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். அருகில் பெரிய ஆலை இருந்தால் அதன் சமூகப் பொறுப்பு நிதியையும் அணுகலாம். அந்த நிதியைச் செலவிடக்கூடிய பணிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டம் தரும் பட்டியலில் இயற்கை வளப் பாதுகாப்பும் இருக்கிறது. தனி ஒருவர் கிணற்றைவிட ஊர் ஏரிக்கு அவர்கள் எளிதாகச் சம்மதிப்பார்கள்.

மானியத்தில் உங்களுக்கு உடனே பலன் தருவது சொட்டுநீர்தான். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், சான்றோடு தோட்டக்கலை அல்லது வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன் மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட்டு, வண்டல் குழியைக் காலி செய்யுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை, மோட்டார் ஓடாத காலை வேளையில், கயிறு விட்டு நீர்மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். தடுப்பணை கேட்டு மனு கொடுக்கும்போது அந்த நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.