தோண்டிப் பார்க்கும் குழந்தைக்கு ஒரு கண்ணாடிக் குடுவை

கேள்வி: நான்கு வயது மகளோடு சேர்ந்து தக்காளி விதை போட்டோம். முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்க்கிறாள். தப்பி முளைத்த சில நாற்றுகளும் அடியில் சுருங்கிச் சாய்ந்துவிட்டன. ஒரே அழுகை. மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: அவள் தோண்டுவது தப்பே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தோண்டாமலே பார்க்க வழி செய்து கொடுங்கள்.

தக்காளியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். விதை சின்னது, நாற்று மெல்லியது. பிஞ்சு விரல்களுக்குப் பெரிய விதைதான் தோது. பீன்ஸ் விதை நான்கைந்தை இரவு ஊறவிடுங்கள். கண்ணாடிக் குடுவையின் உட்புறத்தில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதைகளைச் செருகுங்கள். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் போதும். காகிதம் அதை மேலே இழுத்துக்கொள்ளும். விதை தண்ணீருக்குள் முழுகக் கூடாது, அதற்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் தோல் வெடித்து, வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். அதன்மேல் பூனைமுடி போல நுண்ணிய தூவிகள் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் அவள் கையில் கொடுங்கள். வேர் சற்று நீண்டதும், மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுக் குடுவையைப் படுக்க வையுங்கள். மறுநாள் பார்த்தால் வேர் நுனி தானாகக் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

குடுவையில் விதை வைக்கும் அன்றைக்கே தொட்டியிலும் ஐந்தாறு விதை போடுங்கள். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் சரி. தண்டு கொக்கி மாதிரி வளைந்து மண்ணை முட்டி வந்து, அப்புறம் நிமிரும். அந்த நேரத்தில் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்று சாய்ந்தது பெரும்பாலும் நாற்றழுகல். மண்ணில் ஈரம் தங்கி, நாற்றுகள் நெருக்கமாக இருந்தால் பூஞ்சை வகைகள் அடித்தண்டைத் தாக்கும். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் புதுக் கலவை போடுங்கள். மகள் கையில் குவளைக்குப் பதில் தெளிப்பான் கொடுங்கள். மேல்மண்ணை அவளே தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தெளிக்கட்டும். அடி அழுகாமல் தண்டு மட்டும் வெளிறி நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை, ஜன்னலோரம் மாற்றுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சாயம் பூசிய விதைகளில் பூச்சிமருந்தோ பூஞ்சைக்கொல்லியோ இருக்கலாம், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஆமணக்கு, ஊமத்தை, அரளி வேண்டவே வேண்டாம். வேகாத பீன்ஸ் விதையும் வாய்க்குள் போகக் கூடாது. மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊதிவிடும். நீங்களே நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

சில விதை முளைக்காமலும் போகும். அவளுக்குத் தெரியாமல் வேறு விதை மாற்றி வைக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்து, அந்த இடத்தை அவளையே தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.