நிலா ஒரு மிளகு அளவுதான்

கேள்வி: நிலா ஏன் நமக்கு இந்த அளவில் தெரிகிறது? கடலோரத்தில் உதிக்கும்போது அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அப்புறம் ஏன் சுருங்கிவிடுகிறது?

சுருங்குவதே இல்லை. போன தைப்பூசத்தன்று நானும் என் மகளும் ஒரு மிளகை வைத்து இதைப் பார்த்துவிட்டோம்.

முதலில் அளவு. நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வகுத்தால் 110 சொச்சம் வரும். நிலாவாகவே 110 எண்ணிக்கை வரிசையாக வைத்தால்தான் அந்தத் தூரம் நிரம்பும். எந்தப் பொருளும் தன் அகலத்தைப் போல 110 மடங்கு தள்ளி இருந்தால் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான் தெரியும். 22 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு ரூபாய்க் காசை எட்டடி தள்ளிப் பிடித்தால் அது நிலாவின் அளவு. கையை முழுக்க நீட்டினால் கண்ணிலிருந்து விரல் 55, 60 சென்டிமீட்டர் இருக்கும். அதை 110-ஆல் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம். அது ஒரு நல்ல மிளகின் பருமன்.

இதை என் மகள் நம்பவில்லை. "அவ்ளோ பெரிய நிலாவப் போய் மிளகுங்கறியேப்பா!" என்றாள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து பருமனாக ஒன்றை எடுத்து, ஊதுபத்திக் குச்சியின் நுனியில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். இருட்டும் நேரத்தில் கடலிலிருந்து செம்மஞ்சளாக, தாம்பாளம் போல எழுந்தது. பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குச்சியை நீட்டினாள். தாம்பாளம் மிளகுக்குப் பின்னால் போய்விட்டது.

அப்படியானால் பெரிதாகத் தெரிந்தது எப்படி? அது மனம் போடும் கணக்கு. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விளக்கம் இன்னும் இல்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது இது: தலைக்கு மேலே பறக்கும் காக்கை நமக்குக் கிட்டே இருக்கிறது, கடல் விளிம்பில் பறப்பது வெகுதூரத்தில். மேகமும் அப்படித்தான். அதனால் அடிவானம் என்றாலே தூரம் என்று மனம் பழகிவிட்டது. நிலா அங்கே இருக்கும்போது, 'இவ்வளவு தூரத்திலும் இந்த அளவா, அப்படியென்றால் பெரியதுதான்' என்று கூட்டிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் மெரினாவில் ஆசையாக எடுத்த படத்தில் நிலா ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுகிறது.

நிலாவின் அளவு நிஜமாகவே மாறுவதும் உண்டு. அதன் பாதை சரியான வட்டம் இல்லை. கிட்டே வந்தால் சுமார் 3,57,000 கிலோமீட்டர், தள்ளிப்போனால் 4,06,000-க்கும் மேல். செய்தியில் 'சூப்பர் மூன்' என்பது இந்தக் கிட்டத்து முழுநிலாவைத்தான். சூரியன் நிலாவைவிட 400 மடங்கு பெரியது, தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. ஆகவே இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது நிலா ஒரு நூலளவு சின்னதாகத் தெரிந்ததால் சூரியனை முழுக்க மறைக்க முடியவில்லை. கோவை, திண்டுக்கல் பக்கம் நெருப்பு வளையம் தெரிந்தது. சென்னையில் எங்களுக்குக் கிடைத்தது பகுதிக் கிரகணம்தான்.

சரி, தைப்பூச இரவுக்கு வருகிறேன். நள்ளிரவில் மொட்டைமாடிக்குப் போனோம். அந்த மாதத்து முழுநிலா சென்னையில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வரும். அண்ணாந்து அதே மிளகைப் பிடித்தாள். மறைந்தது, அதே அளவுதான். உண்மையில் ஒன்றரை சதவீதம் பெரிதாகவே இருந்திருக்க வேண்டும், கண்ணுக்குப் புலப்படாத வித்தியாசம். நிலா உதிக்கும்போது நாம் பூமியின் விளிம்பில் நின்று பார்க்கிறோம். அது உச்சிக்கு வருவதற்குள் பூமி சுழன்று நம்மை அதன் பக்கம் சுமார் 6,000 கிலோமீட்டர் கொண்டுபோய் விட்டிருக்கும்.

"அப்போ பீச்ல இருந்ததவிட இப்பதான் கிட்ட இருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கீழே போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.