அடி உதை காமெடியும் அம்மாவும்

தம்பி, தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு போயிட்டு வர்ற அம்மா ராத்திரி டீவில அடி உதை காமெடி பாத்து விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, எனக்கு எரிச்சலா வருது, சொன்னா சண்டைனு எழுதியிருந்தீங்க. நானும் இலங்கைல ஹட்டன் பக்கம் லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்ல, வளந்தவன்தான், இதே சண்டை எங்க வீட்லயும் நடந்துச்சு.

கவுண்டமணி செந்திலை உதைக்கிறப்ப அந்த டைமிங்க்கு எனக்கு இன்னைக்கும் சிரிப்பு வரும், ஆனா கருப்பு, குண்டுனு ஆள் உருவத்தை வச்சு திட்டுறப்ப மனசு சுருங்கிடும், ரெண்டும் உண்மைதான், ஒன்னை மறைக்க வேணாம். கீழ விழறது தப்பில்ல தம்பி, யாரை விழவைக்கிறாங்கங்கிறதுதான் விஷயம்.

அம்மாகிட்ட அந்தப் படம் மட்டம்னு மட்டும் சொல்லாதீங்க, நாள் முழுக்க கூடை சுமந்தவங்க சிரிப்பு அது. அதுக்கு பதிலா 1936ல வந்த சாப்ளினோட மாடர்ன் டைம்ஸ் போட்டுக் காட்டுங்க, வசனம் ரொம்ப கம்மி, இங்கிலீஷ் தெரியணும்னு இல்ல. சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க முதலாளி தொழிலாளிக்கு மெஷின்ல ஊட்டிவிடுற சீன் ஒன்னு வரும். பறிச்ச கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போடுறதை பாத்த எங்கம்மா அந்த சீனுக்கு சிரிச்சுக்கிட்டே கண்ணை தொடச்சாங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க, விளக்கம் சொல்லாம.