முழுக்கு எடுத்த தம்பியும் 1947ம்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்திய திருச்சபையில் இருக்கிறது. தம்பி போன வருடம் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டான். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் கோயிலுக்குத்தான் வருகிறான். அவனுக்கு இராப்போஜனம் (திருவிருந்து) கொடுக்கக் கூடாது என்று எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் சிலர் நிற்கிறார்கள். அப்பாவோ, "1947ல் பல சபைகளை ஒன்றாக்கியபோதே ஐக்கியம் ஐக்கியம் என்று உபதேசத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள், அதன் பலன்தான் இது" என்கிறார். ஐக்கியமா, உபதேசமா? எது பெரிது?

ஜெ., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள ஜெ.,

அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபு) பேராயர், அதாவது பிஷப், அசரியா உள்ளிட்டவர்கள் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். தென்னிந்திய திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். நடுவே 28 வருடம். அதைப் பார்க்காமலே 1945ல் அசரியா காலமாகிவிட்டார். உபதேசத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு இத்தனை வருடம் எதற்கு?

அவ்வளவு நாளும் முக்கியமாக ஒரே ஒரு விஷயத்தில்தான் இழுபறி: பேராயர். அப்போஸ்தலர் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் பேராயரின் கைவைத்தல் இல்லாமல் குருத்துவம் முழுமையாகாது என்பது ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினரின் நிலை. தென்னிந்திய ஐக்கிய சபையில் இருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டீரியன்காரர்களும் மெதடிஸ்டுகளும் பேராயர் இல்லாமலே நடந்துவந்தவர்கள், இதற்கு எப்படித் தலையாட்டுவார்கள்? அப்படியென்றால் இத்தனை காலம் நாங்கள் கொடுத்த திருவிருந்தெல்லாம் என்ன என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கடைசியில் கண்ட வழி எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. பேராயர் உண்டு, ஆனால் பேராயத்துவத்துக்கு இதுதான் இறையியல் விளக்கம் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தாது. இனிமேல் குருப்பட்டம் பேராயர் கையால். ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்கள் யாருக்கும் மறு அபிஷேகம் கிடையாது, அப்படியே ஏற்கப்படுவார்கள். மனசாட்சி ஒப்பாத ஊழியத்தை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதி. 30 வருடம் இப்படிச் சேர்ந்து வாழ்ந்து பார்ப்போம், மீதியை அப்புறம் பேசலாம். இதில் யாரும் தன் கொள்கையைக் கைவிடவில்லை, தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகள் பல சேராமல் ஒதுங்கி நின்றன. 1948ல் லண்டன் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்களால் புதிய திருச்சபையின் குருத்துவம் பற்றி ஒருமித்து எதுவும் சொல்ல முடியவில்லை. லுத்தரன்கள் பிறகு எவ்வளவோ பேசியும் சேரவில்லை.

இப்போது தம்பி விஷயம். 1947 மேசையில், குழந்தைகளுக்குக் கொடுக்காமல் விசுவாசத்தை அறிக்கையிடுபவர்களுக்கு மட்டும் முழுக்கு கொடுக்கும் பாப்டிஸ்டுகள் இல்லை. உட்கார்ந்திருந்த எல்லோரும் குழந்தை ஞானஸ்நானக்காரர்கள். அதனால் பேராயர் பற்றி 28 வருடம் உரசிப் பார்த்தவர்களுக்கு, ஞானஸ்நானம் பற்றி அந்த அளவுக்கு உரச வேண்டிய தேவையே வரவில்லை. பாப்டிஸ்டுகளும் சேர்ந்து 1970ல் உருவான வட இந்திய திருச்சபை இரண்டு முறையையும் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. நம் பக்கம் அந்தக் கேள்வி முன்வாசல் வழியாக வரவில்லை. பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டம் வழியாக, வீட்டுக்கு வீடு, பின்வாசலில் வந்தது. உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

கமிட்டிக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீரின் அளவு இங்கே பிரச்சினை இல்லை. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே முழுக்குக்கு இடம் கொடுக்கிறது. நிசேயா விசுவாசப் பிரமாணம் ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறது. இரண்டாவது எடுத்தால் முதலாவது செல்லாது என்று ஆகிவிடுகிறது. அம்மா அப்பா கையில் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தது வெறும் சடங்கா? அப்பாவின் கோபத்துக்கு அடியில் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் திருவிருந்தை நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6ல் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள பகுதி) நிர்வாகத் தேர்தலுக்காகக் கோர்ட் படி ஏறியவர்கள் யாருக்காவது இராப்போஜனம் நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உபதேசக் கண்டிப்பு இருபது வயதுப் பையன்களிடம் மட்டும்தானா?

எது பெரிது என்று கேட்டீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று 1947ல் உட்கார்ந்தவர்கள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. கமிட்டி கூடுவதற்கு முன்னால் உங்கள் ஐயர் (போதகர்) தம்பியைத் தனியாக அழைத்துப் பேசட்டும். குழந்தையில் பெற்றது ஒன்றுமில்லை என்று அவன் உண்மையிலேயே நம்புகிறானா, இல்லை அதைத் தானே வாயால் அறிக்கையிட ஒரு தருணம் தேடினானா? இரண்டாவதுதான் என்றால், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனையை அவசர அவசரமாக நடத்தி முடிக்கும் நாமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.