புளூடூத் ஸ்பீக்கர் வந்த பிறகும் பழைய அம்ப், கேசட் டெக்கை வைத்திருக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் சின்ன ஃப்ளாட்டில் இருக்கிறார். புதிதாக புளூடூத் ஸ்பீக்கர் வாங்கியாகிவிட்டது. அப்பாவின் அம்ப் (ஒலியைக் கூட்டிப் பெட்டிகளுக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்), இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், கேசட் டெக் எல்லாம் இடத்தை அடைக்கின்றன என்கிறார்.

அம்பையும் பெட்டிகளையும் கொடுத்துவிடாதீர்கள், அவை தினமும் பாவிக்க. டெக் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பெரிய பெட்டியில் வரும் பேஸ், கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரில் வராது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்று வாங்குங்கள். அதிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை முனைகளை அம்பின் பின்பக்கம் ஆக்ஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் செருகினால் போதும், ஃபோனில் இருக்கும் பாட்டெல்லாம் அப்பாவின் பெட்டியில் கேட்கும். ஃபோனோ என்று எழுதிய இடத்தில் மட்டும் செருக வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது. ரிசீவரை அங்கே கொடுத்தால் சத்தம் உடைந்து, பேஸ் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். நாளைக்குப் புளூடூத் மாறினாலும் அந்தச் சின்ன ரிசீவரை மாற்றினால் சரி.

புதுசையும் குறை சொல்ல மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் போனபோது என் அம்ப் சும்மா கிடந்தது. பற்றரி ஸ்பீக்கர்தான் பாடியது.

இனி டெக். அதை வைத்திருக்க ஒரே காரணம் உங்கள் கேசட்டுகள். கடையில் வாங்கிய படப் பாட்டுகளைச் சொல்லவில்லை, அவை இணையத்தில் கிடைக்கும். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், வீட்டுக் கலியாணத்தில் பதிந்தது, இலங்கை வானொலியில் பாட்டுப் பதியும்போது அறிவிப்பாளர் குரலும் சேர்ந்து விழுந்தது, இவையெல்லாம் உங்கள் அலுமாரியில் மட்டும்தான் இருக்கும்.

கடற்காற்று ஜன்னலால் வரும் வீடு என்றால் முதலில் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், தனியாக எடுத்து வையுங்கள். நீண்ட காலம் ஓடாத டெக்கில் ரப்பர் பெல்ட் உருகி, தார் மாதிரிக் கறுப்பாகக் கையில் ஒட்டும். பழைய ரேடியோ திருத்துகிற யாராவது ஒருவரிடம் பெல்ட்டை மாற்றிக்கொண்டு, ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வேறு மெஷினில் பதிந்த கேசட் அடைத்த மூக்கால் பேசுவது போலக் கேட்டால், ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்ப, 'ச' ஓசை தெளிந்து வரும் இடம் ஒன்று இருக்கும். அங்கே விட்டுவிடுங்கள்.

அப்புறம் டெக்கின் லைன் அவுட்டை, அதாவது சத்தம் வெளியே வரும் முனையை, யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வழியாகக் கணினியில் கொடுத்து ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் சுமார் 450 எம்பி. ஓடுகிற நேரம் முழுக்க ஓடத்தான் வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டே ஒன்று போடுங்கள்.

பிரதி எடுத்து முடிந்ததும் டெக்கை யாருக்காவது கொடுக்கலாம். கேசட்டுகளைக் கொடுக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க்கும் சாகும். பல சிடிகளை ஒன்றாகப் போடும் சிடி சேஞ்சர் ஒன்றும் கிடந்தால் அதை முதலில் அனுப்பிவிடுங்கள். லேசர் லென்ஸ் போனால் அதே லென்ஸைத் தேடி அலைய வேண்டிவரும்.