அப்பிச்சி பொட்டியில ரெண்டு பேரு

அன்புள்ள அண்ணா,

கோபி பக்கத்துல இருந்து எழுதறேன். போன மாசம் எங்கம்மா பொறந்த ஊட்ட இடிச்சுக் கட்டறப்ப அட்டாலில இருந்து ஒரு தகரப்பொட்டி எறங்குச்சு. எங்க அப்பிச்சியோடது, அம்மாவோட அப்பா. அவரு பர்மா சண்டைக்குப் போயிட்டு 1946ல ஊருக்கு வந்தவரு, அதுக்கப்பறம் சாகற வரைக்கும் பண்ணையம்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. பொட்டிக்குள்ள வளைஞ்ச பித்தளைப் பட்டை ரெண்டு, அதுல ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.ன்னு எழுத்து. கிரீடம் போட்ட ஒரு பேட்ஜ். யானையும் குறுக்கால ரெண்டு கத்தியும் இருக்கற ஒரு பேட்ஜ். மஞ்சத்துணில கருப்புப் பூனை ஒண்ணு. ஆறு முனை வெச்ச ஸ்டார் மெடல் ரெண்டு, சிங்கம் நிக்கற வட்ட மெடல் ஒண்ணு. அசோகச் சிங்கம் போட்டு 1965ன்னு இருக்கற வட்ட மெடல் ஒண்ணு. எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கி ஒரே ஃபிரேம்ல மாட்டலாம்னு அம்மா சொல்றாங்க. பழைய சாமான் வாங்கற ஒருத்தரு யானையும் பூனையும் மட்டும் குடுங்க, ஆறாயிரம் தர்றேன்ங்கறாரு. ஒம்பதாவது படிக்கற எம்பையன் பூனைய ஜாக்கெட்ல தைச்சுக்கறேன்ங்கறான். நீங்க இருவது வருசமா இத சேர்க்கறவரு, எங்க அப்பிச்சி எந்தப் பட்டாளம்னு சொல்லுங்கண்ணா.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அம்மிணி,

மொதல்ல புளிய எடுத்து உள்ள வெச்சிருங்க. அம்மா கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. பொங்கலுக்கு அண்டா வெளக்கற மாதிரி இத வெளக்கக் கூடாது. புளில ஊறுனா பித்தளைல இருக்கற துத்தநாகம் கரைஞ்சு செவப்புத் திட்டு விழுந்துரும், அத திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தப் பட்டைய நல்லா உத்துப் பாருங்க, எழுத்தோட மேல்பக்கமெல்லாம் மழுங்கி வழுவழுன்னு இருக்கும், எழுத்தோட இடுக்குல வெள்ளையா மாவு மாதிரி ஏதாச்சும் காஞ்சு ஒட்டியிருக்கும், அது பிராஸோங்கற பித்தளை பாலீஷ். பட்டாளத்துல தெனமும் பரேடுக்கு முன்னாடி பித்தளைய பளபளன்னு தேய்க்கணும், அப்படி உங்க அப்பிச்சி கைபட்டுத் தேஞ்ச தேய்மானம் அது. உண்மையா போட்டுக்கிட்ட சாமான்ங்கறதுக்கு இதவிட நல்ல சாட்சி கெடையாதுங்க. பச்சையா களிம்பு பூத்திருந்தா காஞ்ச மெத்துனு பிரஷ்ஷுல தட்டி விடுங்க, போதும். துவைச்சுக் காயவெச்ச பருத்தித் துணில ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுத்துங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உங்க லெட்டர படிச்சதும் எனக்கு உறுத்துனது அந்த 1965. அப்பிச்சி 1946லயே ஊருக்கு வந்துட்டாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்பறம் 1965 மெடல் எப்படி வரும்? 1965 பாகிஸ்தான் சண்டைக்கு ரெண்டு குடுத்தாங்க, சமர் சேவா ஸ்டார்னு ஒண்ணு, அது சண்டை நடந்த பகுதில வேலை பாத்தவங்களுக்கு, இன்னொண்ணு ரக்ஷா மெடல், அன்னிக்கு படைல இருந்தவங்களுக்குப் பொதுவா குடுத்தது. உங்களுது வட்டமா இருக்குன்னா ரக்ஷா மெடல்தான். அப்ப அந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க அம்மிணி. உங்க அப்பிச்சி ஒருத்தரு, அவருக்குப் பின்னால பட்டாளத்துல இருந்த இன்னொருத்தரு. அப்பிச்சியோட தம்பியா, இல்ல உங்கம்மாவுக்கு அண்ணன் மொறை ஆகறவரா, அம்மா கிட்ட நிதானமா கேளுங்க. லீவுக்கு வந்தவரு பழைய பட்டாளப் பொட்டி இருக்குதேன்னு அதுலயே தன்னுதையும் போட்டு வெச்சிருப்பாரு.

அப்பிச்சியோடது எது எதுன்னா, ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. பட்டை சந்தேகமே இல்லாம அவருது. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். தோள்பட்டைல ரெண்டு பக்கமும் குத்தறது, ஷோல்டர் டைட்டில்னு சொல்லுவோம், அதனாலதான் ரெண்டு இருக்கு. 1950 ஜனவரி 26ந் தேதி ராயல்ங்கற பட்டமெல்லாம் போயிருச்சு, கிரீடமும் போயிருச்சு, அந்த எடத்துல அசோகச் சிங்கம் ஏறுச்சு. அதனால இந்தியப் பட்டாளத்து பேட்ஜுல கிரீடம் இருந்தா அது 1950க்கு முன்னாடி. இதுலயே இன்னொரு நுணுக்கம் இருக்கு. 1901ல இருந்து போட்ட கிரீடம் மேல வளைவு ரெண்டு பக்கமும் குடை மாதிரி உருண்டு நிக்கும், எலிசபெத் ராணி வந்தப்பறம் மாத்துன கிரீடத்துல நடுவுல அமுங்கி ரெண்டு மேடா தெரியும். ராணி வர்றதுக்குள்ள நாம குடியரசு ஆயிட்டோம், அதனால எலிசபெத் ராணி கிரீடத்தோட இந்திய பேட்ஜுன்னு யாராச்சும் வித்தா வாங்காதீங்க, அப்படி ஒண்ணு வர வழியே இல்ல. உங்களுத போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.

ஊர்ல மெட்ராஸ் ரெஜிமென்ட்னு சொன்னது எனக்கு ஆச்சரியமே இல்ல. நம்ம பக்கம் பட்டாளம்னாலே அதுதான், 1947ல வெலிங்டனுக்கு மாறறதுக்கு முன்னாடி அவங்க பயிற்சி சென்டர் நம்ம மதுக்கரைலதான் இருந்துச்சு. ஆனா சர்வீஸ் கோர்னு சொன்னா சண்டை போடாதவருன்னு யாராச்சும் மட்டமா பேசுனா நீங்க ஒத்துக்காதீங்க. அரிசி, பருப்பு, பெட்ரோல், குண்டு எல்லாம் கொண்டுபோறது அவங்கதான், லாரில போனாங்க, லாரி போகாத எடத்துக்கு கோவேறு கழுதைல போனாங்க. 1944ல இம்பால் ரோட்ட ஜப்பான்காரன் மறிச்சுட்டான், ஜூன் 22ந் தேதி தொறக்கற வரைக்கும் ஏரோப்ளேன்லதான் சாமான் வந்துச்சு, அப்படி ஆகாசத்துல இருந்து போடற மூட்டைய கட்டி ஏத்தறதுக்கே சர்வீஸ் கோர்ல தனி கம்பெனிக இருந்துச்சு. ஒரு வேளை சோறு தவறுனா பட்டாளம் நிக்காதுங்க.

அவரு பர்மாவுக்குப் போனாருங்கறதுக்கு அந்த ஸ்டாருகதான் சாட்சி. ரெண்டுல ஒண்ணு 1939-45 ஸ்டாரா இருக்கும், இன்னொண்ணு பர்மா ஸ்டார், பேரே அதுமேல எழுதியிருக்கும். ரிப்பன் சாயம் போயிருந்தாலும் மடிப்புக்குள்ள பாருங்க, கருநீலம், நடுவுல பட்டையா செவப்பு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கோடு, அதுதான் பர்மா. பாலைவன நெறத்துல இருந்தா ஆப்பிரிக்கா, செவப்பும் வெள்ளையும் பச்சையுமா இருந்தா இத்தாலி. சிங்கம் நிக்கறது வார் மெடல், அந்தச் சிங்கம் ரெண்டு தலை வெச்ச டிராகன் மேல நிக்குது.

யானை பேட்ஜு ரெண்டாவது ஆளோடதுன்னு நெனைக்கறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் யானைக்குப் பேரே அசாயே யானை. 1803 செப்டம்பர் 23ல அசாயேல மராட்டியரோட நடந்த சண்டைல நின்ன மெட்ராஸ் பட்டாளங்களுக்கு மரியாதையா குடுத்த சின்னம். ஆனா யானையப் பாத்த ஒடனே மெட்ராஸுன்னு முடிவு பண்ணிப்போடக் கூடாது. அதே சண்டைல நின்ன ஸ்காட்லாந்து பட்டாளத்துக்கும் யானை குடுத்தாங்க, ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி தொப்பி பேட்ஜுல இதே யானையும் அசாயேங்கற எழுத்தும் இருக்கும். ட்யூக் ஆஃப் வெலிங்டன் ரெஜிமென்ட் காலர்லயும் அம்பாரி வெச்ச யானை உண்டு. உங்களுதுல குறுக்கால ரெண்டு கத்தி இருக்கறதால நம்ம யானைதான். ஊர்ல மெட்ராஸ் ரெஜிமென்ட்னு பேச்சு வந்ததும் இந்த ரெண்டாவது ஆளாலதான் இருக்கும், ரெண்டு பேரு கதையும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு.

அந்த யானை நெசமான்னு பாக்க ஒரு வழி சொல்றேன். என் சிநேகிதரு ஒருத்தரு கணபதில பேட்டர்ன் கடை வெச்சிருக்காரு, மோட்டார் பம்பு பாடிக்கெல்லாம் மரத்துல அச்சு செய்யறவரு, பேட்ஜ பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது ஆனா எனக்கு இத சொல்லிக்குடுத்ததே அவருதான். உருக்குன பித்தளை ஆறுனா நூத்துக்கு ஒண்ணரை பங்கு சுருங்கும், அதனால பேட்டர்ன் போடறப்பவே அத சேர்த்து பெருசா போடுவாங்க. டூப்ளிகேட் அடிக்கறவன் என்ன பண்றான், ஒரிஜினல் பேட்ஜையே மண்ணுல அமுக்கி அச்செடுத்து வார்க்கறான், அப்ப 50 மில்லிமீட்டர் பேட்ஜு 49 கால்தான் வரும். வெர்னியர் காலிபர் வெச்சு நல்ல பேட்ஜோட அளந்து பாத்தா தெரிஞ்சுபோகும். அப்பறம் பின்பக்கம் திருப்பிப் பாருங்க, டையில, அதாவது இரும்பு அச்சுல வெச்சு அடிச்சதுன்னா முன்னால மேடா இருக்கற யானை பின்னால பள்ளமா தெரியும், வார்த்ததுன்னா தட்டையா சொரசொரன்னு இருக்கும். ஆனா வார்ப்புன்னாலே டூப்ளிகேட்னு ஒதுக்கறவங்க கூட நான் சண்டையே போடுவேன், உலகப்போர் சமயத்துல நம்ம நாட்டுப் பட்டறைகள்ல மண்ணச்சுல வார்த்த பேட்ஜுகளை நம்மாளுக உண்மையாவே போட்டிருக்காங்க. அளவு, தேய்மானம், பின்னால கொக்கியா வளையமான்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

பூனைதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்துச்சு. பேட்ஜுன்னா ரெண்டு வகைங்க. தொப்பிலயும் தோள்லயும் போடறது அவரு எந்த ரெஜிமென்ட், எந்த கோர்னு சொல்லும், அது குலதெய்வம் மாதிரி. கைல தைக்கற துணி ஃபார்மேஷன் சைன், எந்த டிவிஷனோட போயி வேலை பாத்தாருன்னு சொல்லும், அது குடியிருக்கற ஊரு மாதிரி. ஒரே டிவிஷன்ல காலாட்படை, தகவல் அனுப்பற சிக்னல்ஸ், ஆஸ்பத்திரி, சர்வீஸ் கோர் எல்லாரும் இருப்பாங்க, எல்லார் கைலயும் அதே படம்தான். கருப்புப் பூனை 17வது டிவிஷன். 1942ல பர்மாவுல சிட்டாங் பாலத்துல அடிபட்டு, 1944ல டிட்டிம் ரோட்டுல நடந்தே இம்பாலுக்கு வந்து, 1945ல மெய்க்டிலாவ புடிச்சாங்களே, அவங்க. இது அப்பிச்சியோடதுன்னு சொல்லிறலாம்னு பேனா எடுத்தா, 17வது டிவிஷன் சுதந்திரத்துக்கு அப்பறமும் இருக்குதே. 1961ல கோவாவுக்குள்ள போனது அதுதான், அவங்களுக்கும் அதே கருப்புப் பூனை. அப்ப இது ரெண்டு பேருல யாரோடதா வேணும்னாலும் இருக்கலாம்.

இதுக்கு துணியத்தான் கேக்கணும். துணி தெரிஞ்ச ஆளுகளுக்கா நம்மூர்ல பஞ்சம், திருப்பூர்ல எம்பிராய்டரி வேலை பாத்த வயசானவங்க யாராச்சும் உங்க சொந்தத்துல இருப்பாங்க, அவங்க கிட்ட காட்டுங்க. கைத்தையலா மெஷின் தையலா, காடாத் துணியா, பின்பக்கம் நூலு எப்படி ஓடுதுன்னு பாத்தே சொல்லுவாங்க. பின்னால தொங்கற ஒரு பிசிறு நூல, ஒரே ஒரு பிசிறு, கொளுத்திப் பாக்கலாம். காகிதம் எரியற வாசம் வந்து சாம்பலாச்சுன்னா பருத்தி, உருகி கெட்டியா மணி மாதிரி ஆச்சுன்னா பாலியஸ்டர், பாலியஸ்டர்னா பர்மா இல்ல. கடைகள்ல கள்ளநோட்டு பாக்கற நீல லைட்டுலயும் காட்டலாம், புது நூலு பளிச்சுனு ஒளிரும், ஆனா ஊட்ல யாராச்சும் சோப்புப் பவுடர்ல துவைச்சிருந்தா பழைய துணியும் ஒளிரும், அத மட்டும் நம்பாதீங்க.

பையன் கிட்ட சொல்லுங்க, புதுசா ஒரு பூனைய நானே தைச்சு வாங்கித் தர்றேன், இத ஊசி தொடக் கூடாது. சிப்பாய்னு நம்ப வெக்கற மாதிரி பட்டாள உடுப்போ அடையாளமோ போட்டுக்கறது சட்டப்படியும் குத்தம், பழைய தண்டனைச் சட்டத்துல 140வது பிரிவு, இப்ப நியாய சன்ஹிதால 168. பையன் அந்த எண்ணத்துல கேக்கல, தெரியும், ஆனா தெரிஞ்சுக்கட்டும்.

அந்த ஆறாயிரத்துக்கு வர்றேன். எங்க பெரியப்பா சிக்னல்ஸ்ல இருந்தவரு. அவரு போனப்பறம் ஞாபகமா ஆளுக்கு ஒண்ணுன்னு பொட்டிய பங்கு போட்டோம், ஆசையாத்தான் எடுத்தோம், மூத்த அண்ணனுக்கு மெடல், அக்காவுக்கு பெல்ட் பக்கிள், எனக்கு ஒரு காலர் பேட்ஜு, ஓடற மாதிரி ஒரு ஆளு, ஜிம்மின்னு சொல்லுவாங்க. முப்பது வருசத்துல ஒண்ணு தொலைஞ்சுது, ஒண்ணு எடைக்குப் போச்சு. இப்ப என் கைல இருக்கற ஜிம்மியப் பாத்து இது சிக்னல்ஸ்னு யாரு வேணாலும் சொல்லுவாங்க, பெரியப்பாவோடதுன்னு சொல்ல என்னைத் தவிர ஆளு இல்ல. உங்க பொட்டில 1965 மெடல் தனியா எங்கயோ போயிருந்தா, ரெண்டாவது ஆளு ஒருத்தரு இருந்தாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. யானையையும் பூனையையும் மட்டும் வாங்கறேன்ங்கறவருக்கு அதுல ரெண்டு சாமான் தெரியுது, அவ்வளவுதான். குடுக்காதீங்க அம்மிணி. காசு மொடைன்னா எனக்கு போன் பண்ணுங்க, வேற வழி பாப்போம்.

ஒரே ஃபிரேம்ல போடறதும் இப்பத்திக்கு வேண்டாம், ரெண்டு பேருன்னு உறுதியானா ரெண்டு ஃபிரேமா போடுவோம். அதுக்கு ஒரு வேலை செய்யுங்க. இந்தியப் பட்டாளத்துல மெடல்மேல நம்பரும் பேரும் யூனிட்டும் பொறிச்சுத்தான் குடுத்தாங்க, பிரிட்டிஷ்காரங்களுக்கு அப்படி பொறிக்கல, நம்மாளுகளுக்கு பொறிச்சாங்க. ஸ்டாருக்கு பின்பக்கம் இருக்கும், வட்ட மெடலுக்கு ஓரத்து விளிம்புல இருக்கும். காலைல வெயில் சாய்ஞ்சு விழறப்ப திண்ணைல வெச்சு மெதுவா சுத்திப் பாருங்க. நம்பர் கெடைச்சா அப்பிச்சிக்கு பெங்களூர்ல சர்வீஸ் கோர் ரெக்கார்ட்ஸ், இன்னொருத்தருக்கு வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ், ரெண்டுக்கும் எழுதலாம், ஈரோட்டுல முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் கேக்கலாம். விளிம்புல இருக்கறத ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்புங்க. அன்னிக்கு கிளார்க்கு அப்பிச்சி பேர தப்பா எழுதியிருந்தா அந்தத் தப்போடவே எழுதுங்க, ரெக்கார்ட்ஸ்ல அவரு அந்தப் பேர்லதான் இருப்பாரு.